இன்றைய பதற்ற எண்

நிலாவரையில் காலை வானொலி முதலில் புழுதியைச் சொல்லும், பிறகு பதற்றத்தைச் சொல்லும். செவ்வாய்க் கிரகத்தில் குடியிருப்பவன் புழுதிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆனால் எங்கள் சனம் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது இரண்டாவது அறிவித்தலுக்கு. “இன்றைய பதற்ற எண்” என்று சுகிர்தாவின் குரல் தொடங்கினால் சண்டை பிடித்துக்கொண்டிருந்த புருசன் பெண்சாதிகூட வாயை மூடிக்கொள்வார்கள். எண் பத்துக்குக் கீழே என்றால் பள்ளிக்கூடம் உண்டு, சந்தை உண்டு. நாற்பதைத் தாண்டினால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த வேண்டும். இடைப்பட்ட எண்கள்தான் மோசமானவை. பெரும்பாலான நாள்கள் அப்படித்தான் விடிந்தன. வேலைக்குப் போவதா விடுவதா என்று செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக எங்கள் காலைகள் கழிந்தன.

ஊர் என்று சொன்னாலும் அது நிலத்துக்குக் கீழே குடைந்து கட்டிய தெருக்கள்தான். எங்கள் முன்னோர் பூமியில் ஒரு தீவில் சிறுபான்மையாக இருந்து, அடிபட்டு, எரிபட்டு, உலகமெல்லாம் சிதறி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர்கள். பனிப்பாறையைத் தோண்டிய இடத்தில் தண்ணீர் வற்றாமல் வந்ததைக் கண்டு, விட்டு வந்த மண்ணிலிருந்த ஓர் ஆழக் கிணற்றின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். இங்கே நாங்கள் நூற்றுக்கு எழுபது பேர். மற்ற முப்பது பேர் மேருவர். எங்களுக்கும் முன்பே சுரங்கம் தோண்டக் கூட்டிவரப்பட்ட பல நாட்டுத் தொழிலாளரின் வாரிசுகள். பல மொழிகள் உடைந்து ஒட்டி உண்டான ஒரு மொழி அவர்களுடையது. அவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும். எங்களில் மேரு தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அரசியல்வாதிகளால் நொந்துபோய் வந்தவர்கள் என்பதால் எங்கள் முன்னோர் இங்கே அரசியல்வாதிகளையே வைக்கவில்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டி. மாலையில் அதில் ஒரு கேள்வி வரும். ஆம் அல்லது இல்லை. பாதிக்கு மேல் ஓர் ஆள் கூடினாலும் போதும், விடிந்தால் அது சட்டம். யார் எதை அழுத்தினார் என்பது இயந்திரத்துக்குக்கூடத் தெரியாது. இதைவிட நேர்மையான ஆட்சி சூரியனைச் சுற்றும் எந்த உருண்டையிலும் இல்லை என்று எங்களுக்குப் பெரிய பெருமை. உண்மைதான், ஒரு கள்ள வாக்கும் விழுந்ததில்லை. முப்பது பேரும் ஒவ்வொரு மாலையும் மிக நேர்மையாகத் தோற்கடிக்கப்பட்டார்கள். பள்ளிக்கூட மொழியில் தோற்றார்கள், தண்ணீர்ப் பங்கீட்டில் தோற்றார்கள், பெருநாள் விடுமுறையில் தோற்றார்கள். தோற்றவர்கள் மறுநாளும் வந்து ஒழுங்காக வாக்களித்தார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய விசயம். அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூட மொழிப் பிரச்சினையில் இரண்டு பக்கமும் ஆள் செத்த பிறகுதான் பதற்ற இயந்திரம் வந்தது. அதை உருவாக்கியவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி சுகிர்தா. மற்றவள் ஓர்னா, மேருவத்தி. ஊரில் யார் என்ன வாங்குகிறார், எங்கே கூடுகிறார், எப்போது கதவைப் பூட்டுகிறார், யாருடன் கதைப்பதை நிறுத்திவிட்டார் என்பதையெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்து, இன்றைக்கு அடிபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். எண் ஏறினால் காவலர்கள் இரண்டு பக்கத் தெருக்களிலும் போய் நிற்பார்கள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு வருடம் ஊரில் கல் எறிகூட இல்லை.

பிறகு மாலைக் கேள்விகள் வரத் தொடங்கின. எண் ஏறும் நாளில் காவலர்களை எங்கள் தெருக்களில் மட்டும் நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்றோம். எங்கள் இளம் பெடியள் ஒரு காவற்படை வைத்துக்கொள்ளலாமா? கொள்ளலாம். எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நடப்பதை அலுவலகத் திரையில் காட்ட வேண்டுமா? இயந்திரம் பார்த்தால் பார்க்கட்டும், மனிசர் பார்க்கக் கூடாது என்றோம். மேருவர் குசினி திரையில் தொடர்ந்து தெரிந்தது. தன் தாய் எத்தனை இறாத்தல் மாவு வாங்கினாள் என்று கந்தோர்த் திரையில் நாலு பேர் வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஓர்னா கூனிப் போனாள். கடைசியாக, அந்த அலுவலகத்தில் மேருவர் வேலை செய்யலாமா என்று ஒரு கேள்வி வந்தது. ஓர்னா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது அவள் காற்று வடிகட்டிகளுக்குப் புழுதி தட்டுகிறாள். சுகிர்தா வாரத்தில் ஒரு முறையாவது மேருவர் குடியிருக்கும் கீழ்த்தெருவுக்கு இறங்கி அவளைப் பார்த்துவிட்டு வருவாள். இறங்கும்போது எங்கள் ஆள்கள் பார்ப்பார்கள், ஏறும்போது மேருவர் பார்ப்பார்கள். அவளுக்கு இரண்டும் முதுகில் குத்தும். ஆனாலும் போகாமல் இருக்க முடியாது.

“வெள்ளிக்கிழமை வாறீரோ?” என்று கேட்டாள் ஓர்னா. வடிகட்டி ஒன்றை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கை?”

“எங்கட கலியாண நாள். இந்த முறை இலேனுக்கும்.”

“உம்மட மகளுக்கோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்!”

“இப்ப சொல்லுறன்தானே. நீர் வந்தா உம்மட ஆக்கள் ஏதும் கதைப்பினமோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.”

“கதைக்கட்டும். அவைக்கு வேறை என்ன வேலை?”

ஓர்னா சிரித்தாள். “வந்தாலும் உமக்குப் பெரிசாப் பாக்க ஒண்டுமில்லை. உள்ளுக்கை நானும் போகேலாது, நீரும் போகேலாது. வாசலிலை நிண்டு வாய் பாக்கிறதுதான்.”

மேருவரின் கலியாணம் செவ்வாய் வருடத்தில் ஒரே நாளில்தான் நடக்கும். முதல் சுரங்கம் திறந்த நாள் அது. கலியாணம் கட்டும் எல்லாச் சோடிகளும் ஒரே மண்டபத்தில் நிற்பார்கள். தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய துளைப்புக் கம்பி ஒன்று வரும். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் நாட்டி, அதன் கீழே சோடிகள் நடக்க வேண்டும். மண்டபத்துக்குள் இளந்தாரிகளும் குமருகளும் மட்டும்தான். சுரங்கம் இடிந்து விழுந்தால் தாயும் மகளும் சேர்ந்து சாகக் கூடாது என்று அந்தக் காலத்தில் வந்த வழக்கம். ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைமுறை நிற்பதில்லை. பெற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளை முதல் நாளே வேறு தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வாரம் தொலைபேசியில் பேசுவதும் இல்லை.

போன கலியாண நாளில் இதையெல்லாம் பார்த்து இயந்திரம் வெருண்டு எண்ணை நாற்பதுக்கு ஏற்றியிருந்தது. இரும்பு சேர்க்கிறார்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துகிறார்கள், பேச்சுமூச்சில்லை. ஓர்னாதான் விழுந்து விழுந்து சிரித்தபடி எல்லோருக்கும் விளங்கப்படுத்தினாள். அப்போது அவள் அந்த அலுவலகத்தில் இருந்தாள்.

“எண் என்ன மாதிரி வருமோ எண்டுதான் பயமாக் கிடக்கு,” என்றாள் ஓர்னா. “கூட வந்தா எல்லாரும் பழைய சுரங்கத்துக்குள்ளை இறங்கிடுவம். கலியாணம் அடுத்த வருசம்தான். இலேன் அழுவாள். அழட்டும். நீர் வாசிக்கிற எண்ணை நம்பித்தான் நான் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். அந்த மெசின் பாதி நான் பெத்த பிள்ளையெல்லோ.”

செவ்வாயில் அடுத்த வருடம் என்பது பூமிக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். இலேனைத் தொட்டிலில் பார்த்தவள் சுகிர்தா. அந்தப் பிள்ளையின் கலியாணம் தன் வாயால் தள்ளிப்போகக் கூடாது என்று அவளுக்கு ஒரே தவிப்பாகிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. எழும்புவாள், நடப்பாள், மணிக்கட்டுப் பட்டியைத் தடவுவாள், திரும்ப வந்து இருப்பாள். ஒரே ஓர் ஆறுதல், அவளுடைய தெரு அமைதியாக இருந்தது. வழக்கமாக ஒழுங்கையில் பந்தடித்துக் கூச்சல் போடும் பெடியளைக் காணவில்லை. பக்கத்து வீட்டு மங்கையின் மகன் வாகீசன்தான் அவளுக்குத் தண்ணீர்க் கேன் தூக்கித் தருகிறவன். அவன்கூட அந்த வாரம் கண்ணில் படவில்லை. “வெள்ளிக்கிழமை சின்னவளை டியூசனுக்கு விடப் போறேல்லை அக்கா, தடிமனாக் கிடக்கு, மூக்கு ஒழுகுது,” என்றாள் மங்கை. சுகிர்தா மல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை திரையில் எண் வந்தபோது பணிப்பாளர் கனகரூபன் எழும்பி நின்றுவிட்டார்.

“பிள்ளை, உதைப் பாத்தீரே? எண்பத்து மூண்டு! மெசின் தொடங்கின நாளிலையிருந்து இப்பிடி ஒண்டு வரேல்லை.”

எண்ணுக்குக் கீழே காரணங்கள் இருந்தன. கீழ்த்தெருவில் இரும்புக் கம்பிகள் சேர்க்கப்பட்டுள்ளன. சிறுவர் அப்புறப்படுத்தப்பட்டுள்ளனர். தொலைபேசிகள் மௌனம். உலர் உணவு கூடுதலாக வாங்கப்பட்டுள்ளது. சுகிர்தா அதை வாசித்து முடித்ததும் அவளுக்கு மூச்சே திரும்ப வந்தது.

“சேர், இது கலியாணம்.”

“என்ன கலியாணம்?”

“மேருவற்றை கலியாண நாள் இண்டைக்கு. கம்பி பந்தலுக்கு. பிள்ளையளை அனுப்பினது அவையின்ரை வழக்கம். போன முறையும் இதே மாதிரி வந்தது, ஞாபகம் இருக்கே? ஓர்னா விளங்கப்படுத்தினவ.”

“அப்ப நாப்பது. இது அதின்ரை இரட்டிப்பு.”

“அப்ப இருந்த ஊரே சேர் இப்ப இருக்குது? சனம் எல்லாத்துக்கும் வெருளுது. மெசினும் சின்ன விசயத்தைப் பெரிசா எடுக்குது.”

கனகரூபன் கெட்ட மனிதர் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்பிடியெண்டா இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்? வந்த எண்ணை வாசிக்கோணும் எண்டு சட்டம்.”

“எண்பத்து மூண்டு எண்டு வாசிச்சா எங்கட காவற்படைப் பெடியள் பொல்லுகளோடை இறங்குவாங்கள். அங்கை இரும்பைக் கண்டா விடுவாங்களே? ஒண்டுமில்லாத இடத்திலை நாங்களே கொள்ளி வைக்கிறதோ? அதுகள் கலியாணம் கட்டப் போகுதுகள் சேர். இருவது இருவத்திரண்டு வயசுப் பிள்ளையள்.”

அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பிறகு தன் கோப்பையைத் தேடி எடுத்தார்.

“எனக்கு இப்ப தேத்தண்ணி குடிக்கோணும்,” என்றார். “நான் எண்ணைப் பாக்கேல்லை. வாசிக்கிறது நீர்தானே, பிள்ளை.”

கதவு சாத்தப்பட்டது. சுகிர்தா ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். புழுதி பற்றிச் சொன்னாள். வடமேற்கிலிருந்து மெல்லிய புழுதி, மாலையில் அடங்கும். பிறகு, “இன்றைய பதற்ற எண் ஒன்பது,” என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய் அது. சொன்னதும் பயம் வரும் என்று நினைத்திருந்தாள். சந்தோசம்தான் வந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டு, வாங்கி வைத்திருந்த சீலைப் பொட்டலத்துடன் கீழ்த்தெருவுக்கு இறங்கினாள்.

எண் ஒன்பது என்பதால் வழியில் ஒரு காவலரும் இல்லை. கீழ்த்தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. மண்டபத்துக்கு வெளியே தாய் தகப்பன்மார் புது உடுப்போடு நெருக்கியடித்து நின்று, குழாய்களில் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓர்னா ஓடி வந்து அவளைக் கட்டிப் பிடித்தாள்.

“உம்மட குரலைக் கேட்டாப் பிறகுதான் எனக்குச் சீவன் வந்தது. இரவே பாதிப்பேர் சுரங்கத்துக்குப் போக மூட்டை கட்டிட்டினம். ஒன்பது எண்டவுடனை நான்தான் எல்லாரையும் அவிழ்க்கச் சொன்னது.”

“இலேன் எங்கை?”

“உந்தக் கண்ணாடியாலை பாரும். சிவப்பு உடுப்பு.”

மண்டபக் கதவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. சுகிர்தா எட்டிப் பார்த்தாள். கம்பிப் பந்தலின் கீழே பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நின்றார்கள். இலேன் யாரோ சொன்ன பகிடிக்கு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். வடிவாக இருந்தாள்.

காவற்படை சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. அதுதான் சுகிர்தாவுக்குக் கடைசிவரை மறக்காதது. வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். ஒரு கூட்டம் பொல்லுகளை நீட்டிப் பிடித்துப் பெற்றவர்களைச் சுவரோடு ஒதுக்கியது. இன்னொரு கூட்டம் நேரே கதவுக்குப் போய் அதைப் பூட்டியது. நிலாவரையில் ஒவ்வொரு மண்டபத்துக்கும் வெளியே ஒரு சக்கரம் இருக்கும். உள்ளே தீப்பிடித்தால், ஆள்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டிவிட்டு அதைச் சுற்ற வேண்டும். மண்டபத்துக் காற்று முழுவதும் உறிஞ்சப்பட்டுத் தீ அணைந்துவிடும். சக்கரத்துக்குக் கிட்டப் போனவன் வாகீசன்.

“வாகீசன்!” என்று கத்தினாள் சுகிர்தா. “டேய், என்னடா செய்யிறாய்? உள்ளுக்கை பிள்ளையள்!”

அவன் திரும்பிப் பார்த்தான். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். “அக்கா? நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்? பாத்து, நெரிபட்டுப் போவியள். டேய், அக்காவை அங்காலை கூட்டிக்கொண்டு போங்கோடா. எண் வாசிக்கிற அக்காடா.”

இரண்டு பெடியள் அவளுடைய கையை மரியாதையாகப் பிடித்தார்கள். ஒருவன் கீழே விழுந்த சீலைப் பொட்டலத்தை எடுத்துத் தூசு தட்டி அவளிடம் கொடுத்தான்.

“அது பந்தலடா! கலியாணப் பந்தல்! ஆயுதமில்லை!”

“உங்களுக்கு ஒண்டும் தெரியாது அக்கா, நீங்கள் நல்ல மனுசி,” என்றான் வாகீசன். “இரும்பு குவிச்சு வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் முந்தாட்டி அவங்கள் முந்துவாங்கள். அவங்கட இளந்தாரியள் எல்லாம் ஒரே இடத்திலை நிக்கிற நாள் இதுதான். மாசக்கணக்கா இதுக்குத்தானே பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”

அவன் சக்கரத்தைச் சுற்றினான். தண்ணீர்க் கேன் தூக்கிப் பழகிய கை, சிரமமில்லாமல் சுற்றியது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் வந்தன, உள்ளங்கைகள் வந்தன. பிறகு அவை இல்லை. யாரும் யாரையும் கையால் தொடவில்லை என்று பிற்பாடு எங்கள் ஆள்கள் வாதாடினார்கள். அது உண்மை.

பெடியள் போன பிறகு தகப்பன்மார் சக்கரத்தை மறுபக்கம் சுற்றிக் கதவை உடைத்துத் திறந்தார்கள். திறந்து பயனில்லை. ஓர்னா உள்ளே போகவில்லை. இரண்டு தலைமுறை ஒரே கூரையின் கீழ் நிற்கக் கூடாது என்ற பழக்கம் அந்த நேரத்திலும் அவளைப் பிடித்து வைத்திருந்ததோ என்னவோ, வாசற்படியில் இருந்தபடி இலேனின் சிவப்பு உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா பக்கத்தில் போய் இருந்தாள். அழ முடியவில்லை.

“உண்மையான எண் என்ன?” என்று கேட்டாள் ஓர்னா. குரல் அலுவலகத்தில் கேட்பது போலவே இருந்தது.

“எண்பத்து மூண்டு.”

“ஏன் குறைச்சனீர்?”

“கலியாணத்தைப் பாத்து மெசின் பிழையா எடுத்திட்டுது எண்டு நினைச்சன். காரணமெல்லாம் அதுதான் காட்டினது. கம்பி, பிள்ளையள், சாப்பாடு. போன முறையும் நாப்பது காட்டினதுதானே. கூட்டி வாசிச்சா பெடியள் வருவாங்கள் எண்டு… கலியாணம் நிண்டுபோகும் எண்டு…”

ஓர்னா மெல்லத் தலையாட்டினாள்.

“போன முறைக்குப் பிறகு அதை நான் திருத்திட்டன். என்னை அனுப்பிறதுக்கு முதல் செய்த கடைசி வேலை அதுதான். எங்கட கலியாணம், செத்தவீடு எல்லாம் மெசினுக்குச் சொல்லிக் குடுத்திட்டன். எங்கட கம்பிக்கும் சாப்பாட்டுக்கும் அது இப்ப ரெண்டு மூண்டுகூடப் போடாது.”

“அப்ப மற்றது?”

“மற்றதெல்லாம் உங்கட ஆக்கள். மெசின் உங்களையும்தானே பாக்குது. திரைதான் காட்டாது. ஆர் அடிப்பான் எண்டு அது ஒருநாளும் சொன்னதில்லை, சுகிர்தா. அடி விழும் எண்டுதான் சொன்னது.” அவள் முதல் முறையாகச் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். “நீரும் எங்களைத்தான் பாத்தனீர்.”

சுகிர்தாவுக்கு ஒழுங்கையில் பந்தடிக்காத பெடியள் ஞாபகம் வந்தார்கள். மங்கையின் சின்னவளின் தடிமன் ஞாபகம் வந்தது. ஊரில் எந்த இயந்திரமும் இல்லாமலே, தன் வீட்டு வாசலில் நின்று அவள் பார்த்திருக்கக் கூடிய விசயங்கள். ஓர்னாவின் கையைப் பிடிக்கப் போனாள். ஓர்னா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அவளுடைய கை இல்லாதது போல அப்படியே விட்டிருந்தாள்.

எண்ணை மாற்றி வாசித்த கதை ஊரில் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. கனகரூபன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வாயைத் திறந்தார். சட்டப்படி அது பெரிய குற்றம். அவளுடைய வேலை போனது, சிறையும் உண்டு. சுகிர்தா சிறைக்குப் போகத் தயாராகவே இருந்தாள். சொல்லப்போனால், போனால் தேவலை என்று இருந்தது. யாராவது ஒருவர் தன்னைப் பிடித்து உலுக்கி, நீ என்ன செய்துவிட்டாய் என்று கேட்க வேண்டும் போல அவளுக்கு ஒரு வெறி. ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, வீட்டு வாசலில் சனம் வந்து நின்றது. மோதகம் கொண்டு வந்தார்கள். அவள் எண்பத்து மூன்று என்று வாசித்திருந்தால் மேருவர் தப்பிப் போயிருப்பார்களாம். எங்கட பிள்ளை எங்களைக் காப்பாற்றிப்போட்டுது என்று கிழவர்கள் கும்பிட்டார்கள். வேண்டுமென்றே செய்தாள் என்று அவர்கள் நம்பினார்கள். இல்லை, இல்லை என்று அவள் கத்தியதைத் தன்னடக்கம் என்றார்கள்.

அன்றைய மாலைக் கேள்வி அவளைப் பற்றியது. பதற்ற எண்ணை மாற்றி வாசித்த சுகிர்தாவை மன்னித்து மீண்டும் வேலைக்கு எடுக்கலாமா?

மங்கை, சுகிர்தா வீட்டுக் குசினியில் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் தன் பட்டியில் “ஆம்” என்று அழுத்திவிட்டு, “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா,” என்றாள். சுகிர்தா தன் பட்டியைப் பார்த்தாள். தன் வழக்கில் தனக்கும் ஒரு வாக்கு இருப்பது நேர்மையான ஆட்சியின் அழகு. அவள் “இல்லை” என்று அழுத்தினாள். முப்பது பேரும் அதையே அழுத்துவார்கள், அவர்களோடு தானும் தோற்கலாம் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பக்கம் நின்று தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

முடிவு வந்தது. எங்கள் சனம் திரண்டு ஆம் என்றிருந்தது. எதிராக விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று.

மேருவர் ஒருவரும் வாக்களிக்கவில்லை. இத்தனை வருடம் தோற்கவென்றே தவறாமல் வந்தவர்கள் அன்று மாலை பட்டிகளைக் கழற்றி வாசற்படிகளில் வைத்துவிட்டு, பிள்ளைகளையும் செத்தவர்களையும் தூக்கிக்கொண்டு பழைய சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒன்று மட்டும்தான். ஒழுங்கையில் பெடியள் கூடிவிட்டார்கள். “ஆரடா அந்த ஒருத்தன்?” என்ற சத்தம் குசினிவரை கேட்டது.

“கீழ்த்தெருவிலை எவனோ ஒளிச்சிருக்கிறான் அக்கா,” என்றாள் மங்கை. “எங்கட ஆக்களிலை ஆர் உங்களுக்கு எதிராப் போடப் போகினம்?”

“அது நான், மங்கை. நான்தான் இல்லை எண்டு அமத்தினனான்.”

மங்கை சிரித்தாள். “உங்களுக்கு எப்பவும் பகிடிதான்.”

சுகிர்தா வெளியே ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. “நான்தான் போட்டனான்! என்ரை வாக்கடா அது! போகாதேங்கோ!” என்று ஒழுங்கை அதிரக் கத்தினாள். வாகீசனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்துவிட்டான்.

“அம்மா, அக்காவுக்கு மனம் சரியில்லை. உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க விடுங்கோ,” என்றான். “நாங்கள் அவனைப் பிடிச்சுக்கொண்டு வாறம்.”

அவர்கள் போனார்கள். கீழ்த்தெரு வீடுகளில் ஒரு குஞ்சுகூட இல்லை. ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டே கடைசியில் சுரங்க வாயிலுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன்மார் துளைப்புக் கம்பிகளோடு இருட்டில் காத்திருந்தார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வாகீசனும் திரும்பவில்லை. மறுநாள் மாலை நாங்கள் போருக்கு ஆம் என்று அழுத்தினோம்.

அது தொடங்கி இப்போது எத்தனையோ வருடம். இலேனையும் அந்த மண்டபத்தையும் எங்கள் பள்ளிக்கூடங்களில் படிப்பிப்பதில்லை. சுரங்க வாயிலில்தான் போர் தொடங்கியது என்று படிப்பிக்கிறார்கள். எதிராக விழுந்த அந்த ஒரு வாக்கைப் போட்ட மேருவன் யார் என்பதை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லையாம்.